ஆறு வோல்ட் மோட்டார்

எங்கள் ஜீப்பை ஒரு தடவையாவது தள்ளாதவர்கள் என்று எங்கள் தெருவில் யாரும் கிடையாது. கல்யாணமாகித் தெருவுக்கு வந்த ஒரு மருமகள், மறுவீடு போய்த் திரும்பிய மறுநாள் காலையிலேயே தள்ளியிருக்கிறாள். வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்த ஒரு சார்வாள், பையைத் தோளில் மாட்டியபடியே தள்ளிவிட்டு, அதற்குப் பிறகுதான் எத்தனை பேர் என்று கேட்டு எழுதினார்.

சீவலப்பேரிக்கு இந்தப் பக்கம், ஆற்றை ஒட்டிய ஊர். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. என் படிப்பும் அதோடு சரி. அப்பா வாழையிலை ஏற்றுகிறவர். விடிந்ததும் தோட்டங்களில் அறுத்துக் கட்டி வைத்திருக்கும் இலைக்கட்டுகளை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போவார். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும். வாடின இலையை ஓட்டல்காரர்கள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அப்பா ரொம்ப நிதானமான மனிதர். இலைக்கட்டைக்கூடத் தூங்குகிற பிள்ளையை இறக்குகிற மாதிரிதான் இறக்குவார்.

ஜீப், பட்டாளத்தில் கழித்து ஏலம் போட்ட வண்டி. அப்பாவிடம் வருவதற்கு முன்னால் எத்தனை கை மாறியதோ தெரியாது. ஊரிலுள்ள மற்ற வண்டிகள் எல்லாம் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறி எவ்வளவோ காலமாகியும் எங்கள் ஜீப் மட்டும் பழைய ஆறு வோல்ட்டிலேயே நின்றது. விளக்கைப் போட்டால் மஞ்சள் பூசின மாதிரி ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் காலால் மிதிக்கிறது. தரையில், ஆக்சிலேட்டருக்கு மேலே ஒரு குமிழ் இருக்கும். அதை மிதித்தால் மோட்டார் நிறைமாசக்காரி மாடிப்படி ஏறுகிற மாதிரி ரெண்டு தரம் முனகிவிட்டு நின்றுவிடும். முன்னால் கம்பியை மாட்டிக் கையால் சுற்றியும் கிளப்பலாம். அந்தக் கம்பி ஒருநாள் திருப்பி அடித்து அப்பாவின் மணிக்கட்டு வாழைப்பூ மாதிரி வீங்கியதிலிருந்து அதை அவர் தொடுவதில்லை.

ஆகவே தினமும் காலையில் தள்ளத்தான் வேண்டும். அப்பா ஆரன் அடிப்பார். தெருவில் ஒரு முறை இருந்தது. கை கொடுக்கக் கூப்பிட்டால் வராமல் இருக்கக்கூடாது. நல்லது கெட்டதுக்குப் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்காரர்கள்கூட, பாரம் தூக்கவோ வண்டி தள்ளவோ கூப்பிட்டால் வந்து, தோளோடு தோள் நின்று தள்ளிவிட்டு, மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். கடைசி வீட்டுப் பெரியவர் ஒருவர் மட்டும் தள்ளமாட்டார். கம்பை ஊன்றிக்கொண்டு, “லே, ஒரே மூச்சா தள்ளுங்கலே! கஞ்சி குடிக்கலியா?” என்று சத்தம் கொடுப்பார். தானில்லாவிட்டால் ஜீப் கிளம்பாது என்றே அவர் நம்பியிருந்தார்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று வயது அவனுக்கு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்ப வரும்போது ஜீப்பின் பின்னால் யாரும் என்னை ஏற விடவில்லை.

துக்கம் கேட்கத் துட்டிக்கு வந்தவர்கள் இருந்தவரைக்கும் வீட்டில் சத்தம் இருந்தது. அவர்கள் போன பிறகு அம்மா உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சமைப்பாள், தட்டில் போட்டு வைப்பாள், திரும்பவும் போய் உட்கார்ந்துகொள்வாள். பேச்சில்லை. என் தலையை எதிர்வீட்டு அத்தைதான் வாரிவிட்டாள். சொந்த அத்தை இல்லை. அப்பாவை அண்ணே என்று கூப்பிடுகிறவள், அதனால் எனக்கு அத்தை. மடியில் பீடித் தட்டோடு எப்போதும் எதிர்வாசலில் உட்கார்ந்திருப்பாள். நான் அவளிடம் தலையைக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா என்னைப் பார்ப்பாள்தான். பார்வை என்மேல் பட்டு, என்னைத் தாண்டி எங்கேயோ போய்விடும்.

பிசான நெல் நடவு ஆரம்பித்து ஆம்பிளைகளும் பொம்பிளைகளும் வயலுக்குப் போய்விட்ட ஒரு காலையில் அப்பா ஆரன் அடித்தால் வந்தது அத்தை ஒருத்தி. பிறகு நான். பெரியவர் கம்போடு வந்துவிட்டார், அவரைச் சேர்க்க முடியாது. நாங்கள் தள்ளிப் பார்த்தோம். சேற்றில் சக்கரம் அசைந்துகூடக் கொடுக்கவில்லை. அப்பா இறங்கி வந்து வீட்டு வாசலில் நின்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

“கை பத்தல. வா.”

நான் அம்மா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். துட்டி நடந்த வீட்டுப் பெண் வருஷம் திரும்பும்வரை கல்யாணத்துக்குப் போகக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது, விசேஷ வீட்டில் கால் வைக்கக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. ஜீப் தள்ளுவதைப்பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை. அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் நின்று, பின்பலகையில் கையை வைத்து, குனிந்து தள்ளினாள். என் கைக்கும் அவள் கைக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருந்திருக்கும். வண்டி பிடித்து, புகையும் சேறும் எங்கள் முகத்தில் அடித்தது.

“மைனி, மூஞ்சியப் பாரும், அப்பமாட்டம் அப்பிக்கிட்டு” என்று சொல்லி அத்தை முந்தானையால் அம்மாவின் கன்னத்தைத் துடைத்தாள். அம்மா துடைக்கவிட்டு நின்றாள்.

மறுநாளிலிருந்து ஆரன் கேட்டால் அம்மா தானாக வந்தாள். நடவு முடிந்து ஆட்கள் திரும்பிய பிறகும் வந்தாள். தள்ளி முடித்ததும் அத்தை அவளை விடமாட்டாள். யார் வீட்டு மாடு கன்று போட்டது, பீடிக் கடையில் எவள் சுற்றின கட்டை மட்டம் என்று கழித்துவிட்டார்கள் என்று தெருவின் நடுவிலேயே நிறுத்திவைத்துப் பேசுவாள். முதலில் அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு “ஆமா” என்றாள். பொங்கல் கழிந்து ஒருநாள், “கொஞ்சம் புளி இருக்குமா?” என்று அவளாகவே கேட்டாள். அத்தை உள்ளே ஓடிப்போய்க் கொண்டுவந்த புளியைப் பார்த்தால் பத்து வீட்டுக்குக் குழம்பு வைக்கலாம்.

நான் ஜீப்பில் ஏறி முன்னால் உட்கார்ந்து திரும்பிப் பார்த்துக்கொண்டே போவேன். தெருமுனை திரும்பும்வரை இரண்டு பேரும் நின்றுகொண்டிருப்பார்கள். அப்பா இலை ஏற்றிவிட்டு என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார். மற்ற பிள்ளைகள் வருவதற்கு வெகுநேரம் ஆகும். யாருமில்லாத வராந்தாவில் உட்கார்ந்து, அம்மா இப்போது உள்ளே போயிருப்பாளா, இன்னும் நிற்பாளா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

அப்புறம் பாட்டரி ஒரேயடியாகப் போயிற்று. திருநெல்வேலி முழுக்கக் கேட்டும் ஆறு வோல்ட்டில் அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் இல்லாத ஒரு சனிக்கிழமை, அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மேலப்பாளையத்தில் ஒரு மெக்கானிக் பாய் கடைக்குப் போனார். பாய் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “இத இன்னுமா கட்டி அழுதீரு? பன்னெண்டுக்கு மாத்திருவோம் வே” என்றார்.

பல்பு எல்லாம் மாறியது. டைனமோ மாறியது. காயில் மாறியது. சாயந்திரம்வரை நான் ஒரு டயரின்மேல் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் முடிந்ததும் அப்பா குனிந்து பார்த்து, “ஸ்டார்ட்டர் மோட்டார் மாத்தலியே, பாய்?” என்று கேட்டார்.

“இந்த வண்டிக்கு மோட்டார எங்கன போயித் தேட? அது கெடக்கட்டும், ஓடும். ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடும். அது ஆறுக்குப் பொறந்த மோட்டாரு. நாம பன்னெண்டக் குடுக்கோம். அரைப்படிச் சோறு திங்கவனுக்கு ஒருபடிச் சோறு போட்டா என்ன செய்வான்? எந்திரிச்சு ஓடுவான். உக்கார வச்சு ஊட்டிக்கிட்டே இருந்தீருன்னா வயிறு வெடிச்சிரும். தொட்டமா, எடுத்தமான்னு இருக்கணும். மிதிச்சுக்கிட்டே நின்னீருன்னா உள்ள இருக்க கம்பியெல்லாம் வெந்து போவும், ஆமா.”

“தொட்டு எடுத்தாப் போதுமா?”

“தொட்டுத்தான் பாருமே!”

அப்பா தொட்டார். இத்தனை வருஷமாக முனகிக்கொண்டிருந்த மோட்டார் கிர்ரென்று ஒரு சுற்றுச் சுற்றியது. ஜீப்பே ஒரு குலுக்குக் குலுங்கிப் பிடித்துக்கொண்டது. அப்பா சிரித்தார். தம்பி போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் அவர் ஆரன் அடிக்கவில்லை. குமிழைத் தொட்டார், எடுத்தார், கிளம்பிவிட்டது. நேரமாகிவிட்டதே என்று தாங்களாகவே வெளியே வந்தவர்கள், தள்ளுவதற்கு நீட்டிய கையோடு நின்றார்கள். “ஏலே, எனக்கு இருந்த ஒரே உத்தியோகமும் போச்சா?” என்று பெரியவர் கேட்க, தெரு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால் அம்மா வாசல்படியில் நின்றாள். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தவள், என்ஜின் ஓடுகிற சத்தத்தைக் கொஞ்சம் கேட்டாள். பிறகு வெளியே வைத்த காலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

அப்பா கண்ணாடியில் அதைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அம்மா வரவில்லை. வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. மறுபடியும் உள்ளறை, மறுபடியும் சுவர். அப்பா அத்தையிடம் சொல்லிப் பார்த்தார். அத்தை பீடித் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து ஒரு மத்தியானம் பூராவும் பேசினாள். போகும்போது, “செவுத்துக்கிட்டப் பேசுன மாதிரி இருக்கு அண்ணே. செவராச்சும் எதிரொலிக்கும்” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சத்தம் போட்டுப் படித்தால் அம்மா திரும்பிப் பார்ப்பாளோ என்று தமிழ்ப் புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படிப்பேன். பிறகு எனக்கே கூச்சமாகிவிடும். வாய்க்குள் படிப்பேன்.

ஒருநாள் காலையில் அப்பா ஜீப்பில் ஏறாமல் வாசலில் வந்து நின்றார். “கொஞ்சம் கை குடேன்” என்றார்.

உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது. கோபமில்லை, ஒன்றுமில்லை, வெறும் குரல். “அதான் தானாக் கெளம்புதுல்லா.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, நான் வழக்கம்போல ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த ஜீப்பில் சாவி வேறு, ஸ்டார்ட்டர் வேறு. சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் என்ஜினுக்குத் தீப்பொறி போகும். குமிழை மிதித்தால் மோட்டார் சுற்றும். சாவி போடாமல் நாள் முழுக்க மிதித்தாலும் மோட்டார்தான் சுற்றுமே தவிர என்ஜின் பிடிக்காது. எனக்கே தெரிந்த சங்கதி. அன்றைக்கு அப்பா உட்கார்ந்ததும் குமிழை மிதித்தார். மிதித்த காலை எடுக்கவில்லை.

மோட்டார் கிர்ரென்று சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நான் சாவி ஓட்டையைப் பார்த்தேன். அங்கே சாவி இல்லை. அப்பாவின் சட்டைப் பையில் அதன் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

“அப்பா, சாவி...” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை இன்னும் அழுத்தினார். சத்தம் கேட்டு அத்தை எழுந்து வந்தாள். “என்னண்ணே, பிடிக்கலியா?” என்று கேட்டாள். மோட்டாரின் சத்தம் கீச்சென்று மாறி, பிறகு இழுத்து இழுத்து வந்தது. ரப்பர் தீய்கிற மாதிரி ஒரு வாடை. என் காலுக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது.

“ஐயோ, பிள்ளை!”

அம்மாவின் குரல். அவ்வளவு பெரிய குரல் அவளிடம் இருந்தது எனக்குத் தெரியாது. உள்ளறையிலிருந்து தெருவுக்கு எப்படி வந்தாள் என்றும் தெரியாது. ஓடி வந்து, என் மேற்கையைப் பிடித்து, வண்டியிலிருந்து இழுத்து, தூக்கித் தெருவில் போட்டாள். போட்டுவிட்டு மறுபடி தூக்கினாள். கை, கால், முகம் எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தாள். “எங்கட்டி சுட்டிச்சு? சொல்லுட்டி! எங்கன சுட்டிச்சு?” என்று உலுக்கினாள். எனக்கு எங்கேயும் சுடவில்லை. அவள் பிடித்திருந்த இடம்தான் வலித்தது. விடு என்று நான் சொல்லவில்லை.

பிறகு அப்பா பக்கம் திரும்பி, “கிறுக்கு பிடிச்சிருக்கா உமக்கு? பிள்ளைய உக்கார வச்சுக்கிட்டு...” என்று ஆரம்பித்தாள். தெருவே கேட்க அப்படி ஏசினாள். அப்பா இறங்கி நின்று, ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. புகை என் பக்கம் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

“மோட்டார் போச்சு” என்றார் கடைசியில். “இனிமே தள்ளித்தான் ஆகணும்.”

அத்தை வந்தாள். ஆட்கள் வந்தார்கள். பெரியவர் கம்போடு வந்து, “நான் அன்னைக்கே நெனச்சேன், மிசினு என்னைக்கும் மிசினுதான்” என்றார். அம்மா வாய் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டே, என் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைப் பின்பலகையில் வைத்துத் தள்ளினாள். அப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் போட்டதைப் பார்த்தேன். அப்பாடா, ஞாபகம் வந்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பாய் மோட்டாரைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தார். உள்ளே அடுப்புக்கரி மாதிரி இருந்தது. பாய்க்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா வே! தொட்டமா எடுத்தமான்னு இரும்னு சொன்னேனா இல்லியா? கைப்பிள்ளைகூடச் சூடு கண்டாக் கைய எடுத்துரும். எவ்வளவு நேரந்தான்வே மிதிச்சீரு?”

“கவனிக்கல பாய்.”

“டிரைவரா வே நீரு? மாடு பத்தப் போவும்.”

கடைக்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை என்று பேர் வாங்கின டிரைவர் அவர். பாய் என்னிடம் திரும்பி, “நீயும் வண்டியில இருந்தியாமே தாயி? என்ன செஞ்சாரு உங்கப்பா?” என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாவி போடாமல் மிதித்தார் என்று சொல்லிவிட்டால் அப்பாவின் பேர் என்ன ஆகும்?

பாய்க்கு மனசு கேட்கவில்லை. “சரி, போட்டும். புதுக் கம்பி சுத்தி நாளானைக்கே குடுத்துருதேன். இலைக்கு நேரமாவும்லா” என்றார்.

“அவசரமில்ல பாய்” என்றார் அப்பா. “பைய செய்யும்.”

அந்த மோட்டார் பாய் கடையில் வெகுகாலம் கிடந்தது. அப்பா தினமும் ஆரன் அடித்தார். அம்மா தினமும் வந்தாள். தள்ளிவிட்டு அத்தையோடு நின்றாள். சில நாள் அத்தை வாசலில் உட்கார்ந்து பீடி இலை நறுக்கிக் கொடுத்தாள். மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்த நாட்களும் உண்டு. ஆனால் ஆரன் கேட்டால் எழுந்து வந்துவிடுவாள்.

எனக்கு மட்டும் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்ற பயம். தம்பி போன துக்கத்தில் அம்மாவுக்குப் பேச்சு போன மாதிரி அப்பாவுக்கு ஞாபகம் போகிறதோ என்று நினைத்தேன். யாரிடம் போய்ச் சொல்ல? தள்ளி முடித்து ஓடிப்போய் ஏற வேண்டியவள், அன்றிலிருந்து ஆரன் அடிப்பதற்கு முன்பே ஒரு தரம் வண்டியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். சாவி ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பா சாவியை எடுத்துப் போட்டுத் திருப்பின பிறகுதான் எனக்கு மூச்சு வரும். பிறகுதான் இறங்கிப் பின்னால் போய் அம்மா பக்கத்தில் நிற்பேன்.

அவர் ஒருநாளும் மறக்கவில்லை. அந்த ஒரு நாளைத் தவிர.